படிகத்துக்குத் தேங்காய் எண்ணெய்

தொண்ணூறுகளின் நடுவில் பம்மலில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்த்தேன். பக்கத்தில் தோல் பதனிடும் இடம். நாற்றம் சீக்கிரமே பழகிவிட்டது. எங்கள் மேடம் நல்ல அரசு வேலையை விட்டுவிட்டு வந்து, புற்றுநோய்க் கட்டியைக் காட்டும் பாசிட்ரான் ஸ்கேனருக்கு மலிவு விலையில் டிடெக்டர் செய்துகொண்டிருந்தார். அவருக்கு மூளை பிசகிவிட்டதென்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். எனக்கும் அவ்வப்போது அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

நோயாளியின் உடலிலிருந்து வரும் கதிர் படிகத்தில் பட்டால் துளி வெளிச்சம் பிறக்கும். அதைப் படிகத்தின் அடியிலுள்ள கண்ணாடிக் குழாய் மின்சாரமாக்கும். படிகத்தைச் சின்னக் குச்சிகளாக அறுத்து அடுக்கினால், திரையில் குச்சிக்கு ஒரு புள்ளி தெரிய வேண்டும். புள்ளிகள் ஒட்டாமல் நின்றால்தான் சின்னக் கட்டியும் கண்ணில் படும். வெளிச்சம் பக்கத்துக் குச்சிக்குத் தாவாமலிருக்க, பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பைப் பல்லாவரத்தில் வாங்கிவந்து சுற்றினோம். அது நன்றாகவே வேலை செய்தது.

வெளிச்சம் சிதறாமல் இறங்குவதற்காகப் படிகத்துக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் நடுவே தடவும் இறக்குமதி கிரீஸ் தீர்ந்தபோது, மேடம் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. இதுவே போதும்."

அது மே மாதம். சோதனைக்கென்று இருந்த சின்னக் கதிர்வீச்சு வில்லையை எதிரே வைத்ததும், புள்ளிகள் கோலம் போடுமுன் வைத்தவை போல அழகாகப் பிரிந்து நின்றன.

நிதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் கூடியது. தந்தால் முழு ஸ்கேனரும் செய்யலாம். தராவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அறையில் ஏ.சி. ஓடியது. எங்கள் முறை வர வெகுநேரமானது. அதுவரை எங்கள் டிடெக்டர் பெட்டி குளிர்காற்றுக்கு நேர் எதிரே இருந்தது. வேர்வை அடங்கியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கருவியைப் போட்டபோது திரையில் புள்ளிகளே இல்லை, வெறும் கலங்கல்.

மேடம் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

"என்னம்மா அது?" என்றார் குழுத் தலைவர்.

"தேங்காய் எண்ணெய் சார். ஏ.சி.யை நிறுத்தினா சரியாயிடும். கொஞ்சம் டைம் குடுங்க."

யாரோ சிரித்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"லோக்கலா செஞ்சா இப்படித்தான். வாங்க, சாப்பாடு ஆறிடும்" என்று எழுந்தார். நிதி கிடையாது என்பது அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவாகிவிட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எல்லோரும் போனபின் மேடம் பெட்டியை மூடி, கருவியை மறுபடி போட்டுவிட்டு, தானே ஏ.சி.யை நிறுத்தினார். நான் ஜன்னல்களைத் திறந்தேன். ஜி.எஸ்.டி. சாலையின் அனலும் பஸ் சத்தமும் உள்ளே வந்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி தெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் எல்லாமே.

மேடம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். குழுவுக்காகத் தயார் செய்திருந்த விளக்கத்தை, காலி நாற்காலிகளைப் பார்த்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.