மையில்லாத பெயர்

சியோலில் ஓக் செரின் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் வரைந்த நூடுல்ஸ் பாக்கெட்டைப் பார்க்காதவர் கிடையாது. பன்னிரண்டு வருஷம் ஒரு விளம்பர நிறுவனத்தில் சிவப்பை அள்ளிக் கொட்டியவள். "இன்னும் கொஞ்சம் பெருசா" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், நாற்பத்தொரு வயதில் வேலையை விட்டாள். சுங்மூரோ அச்சகச் சந்தில் ஒரு மாடியறையைப் பிடித்தாள்.

முதல் பெரிய வேலை தாமுக் நிறுவனத்துடையது. ஒரு நாற்காலியின் விலைக்குக் கார் வாங்கலாம், அப்படிப்பட்ட மரச்சாமான்காரர்கள். கடைப்பலகை முதல் விசிட்டிங் கார்டு வரை ஒரே முகம் வேண்டும், அது சத்தம் போடக் கூடாது என்றார்கள். இது கைநழுவினால் பழைய அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதுதான். அவள் இடம் அங்கே இன்னும் காலியாகத்தான் இருந்தது.

சத்தம் கூடாதென்றால் அவளுக்குச் சொல்லவா வேண்டும்! சாம்பல் நிறக் கார்டின் நடுவே, மையே இல்லாமல், நிறுவனத்தின் பெயரை அழுத்தி மட்டும் எடுத்தாள். அவள் மேசையில், ஜன்னலின் சாய்வெளிச்சத்தில், எழுத்து நிழல் விழுந்து அழகாகத் தெரிந்தது.

தாமுக்கின் கூட்ட அறையில் ஜன்னல் கிடையாது. கூரை முழுக்க விளக்கு. நிழலே விழவில்லை. தலைவர் தோ கார்டை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"இதுல எங்க பேரு எங்கம்மா இருக்கு?"

இயக்குநர்கள் சிரித்தார்கள். ஒருவர், அச்சுக்கூலி மிச்சம் என்றார். செரினுக்கு முகம் எரிந்தது. தப்பு அவளுடையதுதான், ஒரே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தங்கத்தில் அடித்துவிடலாம் என்றார் தலைவர். ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

இன்னும் ஆழமாக அழுத்தினால் தாள் வெடிக்கும் என்றார் கீழ்க்கடை அச்சகக்காரர் பியோன்.

"தங்கமே அடிச்சுக் குடுத்துடு, தங்கச்சி. வயித்துப்பாட்டையும் பாக்கணும்ல."

சொல்லிக்கொண்டே கெட்டுப்போன ஒரு கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவளும் அந்த ஊர் மரியாதைப்படி இரண்டு கையால் வாங்கினாள். அவளுடைய வலது கட்டைவிரல் கார்டின் கீழ் மூலையில் போய் உட்கார்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெயரை அந்த மூலைக்கு நகர்த்தி, பள்ளமாக இல்லாமல் மேடாக எழுப்பித் தரச் சொன்னாள். பியோன் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

மறுநாள் கார்டை மேசையில் வைக்கவில்லை. எழுந்து நின்று தலைவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையால் வாங்கினார். கண்ணுக்கு இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. இயக்குநர்கள் தங்கத்தைப் பற்றியே பேசினார்கள். வாங்கிய கார்டைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார் தலைவர். அவருடைய கட்டைவிரல் அந்த மூலையை விட்டு அகலவேயில்லை.

கால் மணி நேரம் ஓடியது. இருப்பது அந்த ஒரு மாதிரிதான், திருப்பித் தர முடியுமா என்று தலைவரிடம் கையை நீட்டினாள்.

"நீ வேற ஒண்ணு அடிச்சுக்கோம்மா. இதைக் குடுக்க மாட்டேன்."