பனியன் துணியில் வடிகட்டிய பெட்ரோல்

விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோலை நான் பனியன் துணியில் வடிகட்டியிருக்கிறேன். அதுவும் ஏற்றுமதிக்கு ஆகாது என்று திரும்பி வந்த துணியில். நாலு புத்தகம் படித்தவன், ஆயுசெல்லாம் துணியிலேயே புரண்டவன் என்பதெல்லாம் இந்தக் குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்கிறது.

விமானம் என் தங்கையின் கணவருடையது. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். சேவூர்ப் பக்கம் அவருடைய தென்னந்தோப்பை ஒட்டி ஷெட், மண் ஓடுபாதை. மனுஷன் முறையாகப் பறக்கப் படித்தவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகத் தங்கையை ஏற்றிக்கொண்டு கிளம்புவதாக இருந்தார். ஆகவே பெட்ரோல் பில்டர் எங்கள் குடும்ப விவகாரமாகிவிட்டது.

டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்ட அவர் தேர்ந்தெடுத்தது கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஸ்டீல் வலை வைத்தது. கழுவிக் கழுவிப் போடலாம், அழுக்கு சேர்ந்தால் வெளியிலிருந்தே தெரியும் என்றார். ஓட்டை பெரிசு, பேப்பர் பில்டர்தான் நைஸ் என்றேன். இப்போது வருகிற எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பேப்பர் ஊறி வழியை அடைத்துக்கொள்ளும் என்றார். அப்படியானால் எங்கள் பனியன் கம்பெனித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள் என்றேன். அதில் எனக்கு ஒரு சொந்தக் கோபம் இருந்தது. பஞ்சு உதிர்கிறது என்று, எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் அந்த லாட்டையே திருப்பியிருந்தான். சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் புலம்பித் தீர்த்திருந்தேன். அவனைப் பொய்யனாக்க எனக்கு ஒரு விமானம் தேவைப்பட்டது.

“மச்சான், ஜட்டிக்கு எலாஸ்டிக் எத்தனை இஞ்சுன்னு சொல்லுங்க, கையக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கறனுங்க. எஞ்சின் பக்கம் உங்க துணி வேண்டாமுங்க.”

“சரிங்க மாப்ள. தங்கச்சி கீழ விழுந்தா உங்க வலை ஓட்டை வழியாவே பாத்துக்கலாமுங்க.”

எங்கள் ஊரில் ‘ங்க’ பெருகினால் சண்டை முற்றுகிறது என்று அர்த்தம். அன்றைக்குத் தென்னை மரத்துக்குக்கூட மரியாதை கிடைத்தது.

ஞாயிறு காலை அவர் இறக்கையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேனிலிருந்து டேங்கில் ஊற்றும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். புனலுக்குள் துணியை இரண்டாக மடித்து வைத்தேன். பெட்ரோல் பதவிசாக இறங்கியது. எனக்கு ஒரே பெருமிதம்.

ஷெட்டை ஒட்டிய ஓடுபாதை முனையில், கிளம்பும் முன் எஞ்சினை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தார். அது இரண்டு தடவை இருமி நின்றது. ஹெல்மெட்டோடு தங்கை உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கிக் கிண்ணத்தைக் கழற்றினார். வலை முழுக்க வெள்ளையாகப் பஞ்சு. பிறகு ஷெட் வாசலில், துணியோடு கிடந்த புனலைப் பார்த்தார்.

“உங்க பில்டர் அடைச்சுக்கிச்சு, பாருங்க” என்றேன். அந்த வாய்க்கு இன்றுவரை நானே மன்னிப்புக் கொடுக்கவில்லை.

“பொண்ணு குடுத்தவருன்னு சும்மா விடறனுங்க. இனி ஷெட்டுப் பக்கம் வந்தராதீங்க.”

தங்கை இறங்கி வந்தாள். அவள் என் பக்கம் பேசுவாள் என்று காத்திருந்தேன். வலையிலிருந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, உங்க பையரு இதையப் பறக்காமயே கண்டுபுடிச்சுட்டானுங்களே.”