மால்சுன் அம்மாளின் மூக்கு

“கெட்ட கொழுப்பு ஒரு சொட்டு என் மூக்கைத் தாண்டிப் போச்சுன்னா, இந்த மூக்கை அறுத்து நாய்க்குப் போடுங்கடி!”

தென்கொரியாவின் ஜேஜூ தீவில் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் ஹியோன் மால்சுன் அம்மாள் மைக்கைப் பிடித்து இப்படி முழங்கியபோது, கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சங்கம் குதிரைக் கொழுப்பை உருக்கி முகப்பூச்சு செய்கிறது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களின் வெடித்த கன்னங்களுக்கு அதை விட்டால் கதியில்லை. வந்திறங்கும் கொழுப்புக்குத் தீர்ப்பு சொல்வது அம்மாளின் மூக்கு. சங்கத் தலைவிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. ஒருமுறை நாத்தனார் சுன்ஜா, “லேசா வாடை அடிக்குதே அண்ணி” என்று வாய் திறந்துவிட்டாள். “உனக்கு இருக்கிறது மூக்கா, கண்ணாடி மாட்டுற ஆணியா?” என்றார் அம்மாள், எல்லார் முன்னாலும். அன்றோடு சுன்ஜா அபிப்பிராயம் வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல், திரும்பிப் போகும்போது அம்மாளின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கிம்ச்சி ஊறுகாய், கருவாடு, கணவரின் காலுறை எல்லாம் ஒன்றாகிவிட்டன. (இல்லறத்துக்கு இதில் சிறு நன்மை உண்டு.) அம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு போனால் சங்கத்தில் அவர் யார்? காலி டப்பா கழுவ வேண்டியதுதான். ஆகவே வழக்கம்போலக் கண்ணை மூடி, மூன்று முறை உறிஞ்சி, “பிரமாதம்” என்றார். ஐந்து மாதம் அதிர்ஷ்டம் துணைக்கு இருந்தது.

ஆகஸ்டில் கொழுப்பு வண்டி வழியில் பழுதாகி, அரை நாள் வெயிலில் கிடந்து வந்தது. மூடியைத் திறந்தார்கள். மூன்று உறிஞ்சல். “பிரமாதம்!”

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய்ப் படுத்தது. சுன்ஜாவின் முகம் ஒரு கணம் சுருங்கிற்று.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல. நீங்க சொன்னா சரிதான்.”

“வாடை அடிக்குதா?”

“எனக்கு இருக்கிறது ஆணிதானே அண்ணி.”

கொப்பரை அடுப்பில் ஏறிவிட்டது. வெளியே, கடலிலிருந்து கரையேறிய பெண்கள் காலி டப்பாக்களோடு காத்திருந்தார்கள். ஒருத்தியின் கன்ன வெடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. கெட்ட கொழுப்பு அதில் பட்டால் எரிந்து கொப்புளிக்கும். அம்மாளே ஆயிரம் தடவை சொன்னதுதான்.

அம்மாள் அடுப்பை அணைத்தார். ஒரு கரண்டி அள்ளி நாத்தனாரிடம் நீட்டினார்.

“நீ மோந்து சொல்லு.”

“எல்லாரும் பாக்குறாங்க அண்ணி…”

“பாக்கட்டும். அந்தக் காய்ச்சல்லேருந்து எனக்கு ஒண்ணும் தெரியல.”

சுன்ஜா மோந்தாள். “காறிப்போச்சு அண்ணி.”

அம்மாள் தலையாட்டினார். வாசலுக்குப் போய், பெண்களின் கையிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.