முதுகு இளகியதற்கு எடுத்த காவடி

கன்னையா என்கிற பேரை வீரம்மா முதன்முதலில் கேட்டது குழாயடியில், துணி அலசிக்கொண்டிருந்தபோது. பெரியம்மா மகன் தம்புசாமிதான் வந்து சொன்னான்.

"பிரிக்பீல்ட்ஸ்ல ரயிலுக்குக் கரி தள்றாரு, பேரு கன்னையா. கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டாரு தங்கச்சி. கட்டிக்கிறியா?"

குடிக்காதவர் என்றதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

கல்யாணமாகி ரயில்வே கொடுத்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த முதுகைப் பார்த்தாள். கரி தள்ளித் தள்ளி, முறுக்கின கயிறாக இறுகிக் கிடந்தது. வேலை விட்டு வந்ததும் பாயில் குப்புறப் படுத்துவிடுவார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி மிதிப்பாள்.

"நல்லா அழுத்து. பூனை நடக்குற மாதிரி நடக்குற!"

முதுகு வளைந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் வீடு. இவர் முதுகு இளகினால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார் என்று பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள் வீரம்மா.

ஒருநாள், மிதிக்க வேண்டாம் என்றார். மறுநாளும் அப்படியே. தொட்டுப் பார்த்தால் பிசைந்த மாவாட்டம் மெத்தென்றிருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று அவள் அழுதாள். வேலை விட்டதும் சீனன் கடைப் பலகையில் படுத்து அபினி புகைத்துவிட்டு வருகிறேன் என்று கன்னையா அவளிடம் எப்படிச் சொல்வார்? சட்டையில் அடித்த வாடையை இன்ஜின் எண்ணெய் என்றே அவள் நினைத்திருந்தாள்.

காவடி எடுக்க மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். எடுத்தார். புகைக்காவிட்டால் உடம்பு மறுபடி இறுகிக்கொள்ளுமே என்று பயந்து, விரதத்தோடு விரதமாக அன்று விடியலிலும் கடைக்குப் போய் வந்திருந்தார்.

மலைப்படியில் பாதி ஏறியதும் கழுத்து தொய்ந்தது. முழங்கால் மடங்கியது. அருள் வந்துவிட்டதென்று சுற்றி நின்றவர்கள், பிடிக்காமல் விலகி வழிவிட்டு, "வேல்! வேல்!" என்று கத்தினார்கள். அவர் காவடியோடு உருண்டார்.

தம்புசாமி ஓடிப்போய்த் தலையைத் தூக்கினான்.

"தொடாதீங்கண்ணே, சாமி வந்திருக்கு!" என்றாள் வீரம்மா.

அவன் மச்சானுடைய வாயருகே குனிந்து மோந்து பார்த்தான்.

"சாமி இல்லம்மா. அபினி."

முதுகெலும்பு முறிந்துவிட்டது என்றார் டாக்டர். ரயில்வே வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வீரம்மா இப்போது ரப்பர் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டப் போகிறாள்.

கன்னையா கிள்ளானில், தம்புசாமி வீட்டுப் பின்னறையில் படுக்கையில் இருக்கிறார்.