கூட்டாத இரண்டு வரிகள்

2024 ஜூலை 9, செவ்வாய், பிற்பகல் 2.10. மூடுபனி, இடையிடையே தூறல். ஏற்காட்டிலிருந்து வந்து, நண்பரின் ஊரான கொட்டச்சேட்டில் இறங்கும்போதே திரும்பும் பஸ்ஸைப் பற்றிக் கண்டக்டரிடம் கேட்டேன். "நாலரைக்குங்க. அதை உட்டா ஆட்டோதானுங்க" என்றார்.

நண்பரும் நானும் ஒரே பள்ளியில் இருபத்தாறு வருடம் கணிதம் நடத்தினோம். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக அவருக்குப் பேச்சில்லை. இடது கை மட்டும் அசையும். அவருக்கு நினைவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"என் பேரைக் கேட்டாலும் முழிக்கிறாருங்க சார். உங்க கணக்குல ஒண்ணு போட்டுப் பாருங்க."

வரையறுத்த தொகையிடலில் எங்கள் இருவருக்கும் பிடித்த கணக்கை எழுதினேன். பூஜ்யத்திலிருந்து பை-யின் பாதி வரை. மேலே சைன், கீழே சைனும் காஸும் கூட்டியது. நேராகப் போனால் தாளைத் தின்னும். எக்ஸ் வரும் இடமெல்லாம் பை-யின் பாதியிலிருந்து எக்ஸைக் கழித்துப் போட்டால், மதிப்பு மாறாமல் மேலே காஸ் வரும். இரண்டு வரிகளையும் கூட்டினால் மேலும் கீழும் அடிபட்டு ஒன்று மிஞ்சும். கிடைப்பது விடையைப்போல் இரு மடங்கு, பாதியாக்கினால் முடிந்தது.

"வாத்தியாரே, இதுக்கே முழிச்சா பென்ஷனை நிறுத்தச் சொல்லிப் போடுவேன்" என்றேன்.

பேனாவை வாங்கினார். முதல் வரியில் சைன். இரண்டாவதில் காஸ் மேலே வந்தது. இனிக் கூட்ட வேண்டியதுதான்.

கூட்டவில்லை. அதே மாற்றத்தை மறுபடி செய்தார். சைன் திரும்பி வந்தது. நான்காவது வரியில் காஸ். ஒரே மாற்றத்தை இருமுறை செய்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள் என்று வகுப்பில் வருடாவருடம் எச்சரித்தவர் அவர்தான்.

"பக்கம் நெறைய எழுதீட்டாருங்க சார்! சரிதானுங்களா?"

"ஒவ்வொரு வரியும் சரிங்க."

"அப்ப விடை வந்துருமுங்களா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "வராதுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா கணவரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். "நொம்ப நாளைக்கப்புறம் பேனா புடிச்சிருக்காரு. எழுதட்டுமுங்க. புடுங்கீராதீங்க."

இன்னொரு தாள் வைத்தேன். கீழே ரோட்டில் நாலரை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை, தாளை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது வரியில், காஸ் மேலே இருக்கும்போது, பேனா நழுவியது.

ஏற்காட்டுக்கு ஆட்டோ: அறுநூற்றைம்பது ரூபாய்.