காளி பக்கம் பேசினேன்

எங்கள் வீட்டு அலமாரியில் மேல்தட்டு முழுக்க என் கணவரின் பொன்னாடைகள். அறுபதுகளில் கடலூரைச் சுற்றி எந்தத் திருவிழாவில் பட்டிமன்றம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசுவதில் பாதிக்குமேல் செம்மண்டலத்து எங்கள் அடுப்படியில் நான் சொன்னது. குழம்பைக் கிளறிக்கொண்டே நான் சொல்வேன். அவர் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார். அந்தப் பொன்னாடைகளை மடித்து வைப்பதும் நான்தான். வயிறு எரியும். பொறாமையா என்றால் பொறாமைதான், அதற்கென்ன இப்போது.

ஒரு மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் பட்டிமன்றம். நடராஜரும் தில்லைக் காளியும் போட்டி போட்டு ஆடினார்களே, அதில் பெரிய ஆட்டம் யாருடையது என்பது தலைப்பு. இவர் நடராஜர் பக்கம். காளி பக்கம் பேச வேண்டிய அம்மாளுக்குக் காய்ச்சல். விழாக்காரர் வீட்டுக்கே வந்து, "சார், உங்க வீட்ல நல்லா பேசுவாங்களாமே, அவுங்களையே கூட்டியாங்களேன்" என்றார். இவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். இந்த ஒரு மேடையில் ஜெயித்துவிட்டால் அடுத்த வருஷம் என்னையும் கூப்பிடுவார்கள்.

"என்ன பேசப் போற?" என்று இவர் தினமும் கேட்டார்.

"அங்க வந்து கேட்டுக்குங்க" என்றுவிட்டேன்.

மேடையில் நான்தான் முதலில் பேசினேன். நடராஜரையும் காளியையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினேன். அவர் உடம்பில் வெண்ணீறு, அவள் மேல் அப்பிய குங்குமம். அவருக்கு ஊர் நடுவில் பொன் கூரை, அவளுக்கு ஊர் எல்லை. அடிக்கு அடி அவள் ஈடுகொடுத்தாள். அவர் காலைத் தலைக்குமேல் தூக்கியபோதுதான் நின்றாள். "அவளுக்குக் கால் தூக்கத் தெரியாதா? சபையில் பெண் அதைச் செய்யக் கூடாது என்று நின்றாள். நின்றவளைத் தோற்றவள் என்று சொல்லிவிட்டோம்" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் நிற்கவே இல்லை.

அடுத்து இவர் எழுந்தார்.

"ரசத்துக்கு உப்பு ஜாஸ்தியாப் போட்ட அன்னிக்கும் எங்க வீட்டம்மா இப்படித்தாங்க வாதாடுவாங்க. நானும் தோத்துட்டேன்னு சொல்லிட்டு சாப்புட்டுருவேன்."

பந்தலே சிரித்தது. முன்வரிசையில் என் மாமியாரும் சிரித்தார். நான் பேசியது அத்தனையும் அந்தச் சிரிப்பில் போயிற்று.

நடுவர் என்னைப் பார்த்து, "பதில் இருக்காம்மா?" என்றார். பதிலா இல்லை? இவர் இத்தனை வருஷம் பேசியது யாருடைய பேச்சு என்று ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டின புருஷனை ஊர் நடுவே, அவர் அம்மா எதிரில், எப்படிச் சொல்வது? "இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். காளி ஏன் நின்றாள் என்று அதுவரை நான் பேசியது வெறும் வாய்ப் பேச்சு. உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பொன்னாடை இவருக்குப் போயிற்று.

நடராஜரைப் பார்த்தால் எல்லையிலிருக்கும் காளியையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவோம். மாமியார் பின்னால் வர, இவர் தோளில் பொன்னாடையோடு என் பக்கத்தில் நடந்தார்.

"பதில் சொல்லியிருக்கலாமே. நல்லாத்தான பேசுன" என்றார்.

அர்ச்சனைத் தட்டை எப்போதும் இவர்தான் நீட்டுவார். தன் பெயர், நட்சத்திரத்தில் ஆரம்பித்துக் கடைசியில் என்னைச் சேர்ப்பார். அன்றைக்குக் காளி சன்னிதியில் தட்டை நான் வாங்கி நீட்டினேன். என் பெயரைச் சொன்னேன், என் நட்சத்திரத்தைச் சொன்னேன், நிறுத்திக்கொண்டேன்.

குருக்கள் காத்திருந்தார். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை அல்லவா, அதனால் தயங்குகிறேன் என்று நினைத்து இவர் பக்கம் திரும்பினார். இவரும் சொல்ல வாயெடுத்தார்.

"வேணாங்க" என்றேன். "அவருக்கு அங்கியே எல்லாம் ஆயிடுச்சி. இது எனக்கு மட்டும்."