விருந்தாளி போகும்வரை

பிளம் மரத்து ஏணியிலிருந்து விழுந்து விதோயே இடுப்பை முறித்துக்கொண்டார். மார்ச் மாதம் தம்பி மிலிஸாவ் நகரத்திலிருந்து பார்க்க வந்தான்.

"அண்ணே, நம்ம குடும்பப் புனிதர் திருநாளுக்கு வீட்டுக்காரன் நாள் பூரா நிக்கணும். விருந்தாளி இருக்கிறப்போ உக்காரக் கூடாது. உன்னால முடியுமா? இந்த டிசம்பர்லேருந்து எங்க வீட்ல வெச்சுக்கலாம். திருநாள் மெழுகுவர்த்தி ஏத்துற பொறுப்ப எனக்குக் குடு, நான் ஏத்துறேன்."

அக்கறையாகத்தான் சொன்னான். அதனாலேயே விதோயேவுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பா போனதிலிருந்து அவர் ஏற்றிவரும் மெழுகுவர்த்தி அது. உயிர் இருக்கும்வரை தருவதாக இல்லை.

மறுநாள் காலை, காபி பொங்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடம். அடுத்த நாள் நான்கு. ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். காய்ச்சலிலும் விடவில்லை.

"என்னய்யா, கம்பம் மாதிரி நிக்கிற? துணி காயப்போடவா?" என்றாள் மனைவி கோஸா.

"போடு. நிக்கிறதுக்கு ஒரு பிரயோஜனமாவது ஆகட்டும்."

ஆகஸ்டில் மேசையை விட்டார். அக்டோபரில் கைத்தடியை விட்டார். டிசம்பரில் நாலரை மணி நேரம் நின்றார் மனிதர்!

திருநாளன்று நண்பகலிலிருந்தே கூட்டம். அப்போதுதான் தன் மடத்தனம் அவருக்கு உறைத்தது. ஒன்பது மாதமும் காபி குடித்துக்கொண்டே நின்று பழகியிருந்தார். இன்றைக்கோ, வருகிற ஒவ்வொருவரோடும் ஒரு கிளாஸ் பிளம் சாராயம் குடிக்க வேண்டும். ஏழாவது கிளாஸில் தரை ஆடியது.

மிலிஸாவ் நாற்காலியோடு ஓடி வந்தான். "உக்காருண்ணே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவங்க சொல்ல மாட்டாங்கடா. எனக்கு மனசு கேக்காது."

அதன்பின் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். மணி ஐந்தைத் தாண்டியது. பழகிய நேரமெல்லாம் தீர்ந்துபோனது. இன்னும் ஒரு நிமிடம் என்று தனக்குத்தானே சொன்னார். அது முடிந்ததும் இன்னொன்று. காலைதோறும் செய்ததுதானே, புதிதாக என்ன?

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டார் கடைசியாக விடைபெற்றார்கள். கோஸா மீன் முள்ளை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். மிலிஸாவ் கண் கலங்க நாற்காலியை மறுபடி கொண்டுவந்து போட்டான்.

"எல்லாரும் போயாச்சுண்ணே. இப்பவாவது உக்காரு."

விதோயே நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பினார்.

"நீ உக்காரு. என் வீட்டு விருந்தாளி ஒருத்தன் இன்னும் போகலையே."